அடுத்த மாதம் எந்த வரைபடம்? ஆதரவாளர்களிடம் கேட்கும் வழிகளில் எது தேறும்

நண்பர் ஒருவர், ஆளுக்கொரு கதாபாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டேபிள்டாப் ஆர்பிஜி ஆட்டங்களுக்கு பேட்டில்மேப், அதாவது சண்டைக்கள வரைபடங்கள், வரைகிறார். மாதம் இரண்டு. படைப்பாளிகளுக்கு ரசிகர்கள் மாதச் சந்தா கட்டும் பேட்ரியான் தளத்தில் அவருக்குச் சந்தா கட்டுபவர்கள் நூறு பேருக்குக் கொஞ்சம் குறைவு. போன மாதம் பேசிக்கொண்டிருந்தபோது, "இனிமே அவங்களையே கேட்டு வரையலாம்னு இருக்கேன். ஓட்டெடுப்பு வைக்கட்டுமா, சர்வே அனுப்பட்டுமா, இல்ல டிஸ்கார்டு அரட்டைக்கூடம் ஒண்ணு ஆரம்பிச்சிடட்டுமா?" என்றார். நான் வரைபவன் இல்லை. ஆனால் ஏழெட்டு வருடமாக ஞாயிறு மாலைகளில் கேம் மாஸ்டராக, அதாவது கதையை நடத்துபவனாக, உட்காருகிறேன். மூன்று நான்கு வரைபடக்காரர்களுக்குச் சந்தா கட்டியிருக்கிறேன், அவர்கள் வைத்த வாக்கெடுப்புகளில் குத்தியிருக்கிறேன், பெரும்பாலும் தோற்றிருக்கிறேன், ஒருமுறை கோபத்தில் சந்தாவை நிறுத்தியும் இருக்கிறேன். கேள்வி கேட்கப்படும் பக்கத்தில் இருப்பவன் என்ற தகுதியில் அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஆடாதவர்களுக்காக இரண்டு வரி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வந்தது. அந்த வகை ஆட்டங்களில் சண்டை வரும்போது மேசையில் கட்டம் போட்ட வரைபடத்தை விரித்து, பொம்மைகளையோ டோக்கன்களையோ நகர்த்துவார்கள். ஒரு கட்டம் மேசையில் 1 அங்குலம், கதையில் 5 அடி. இந்த வரைபடங்களைச் சந்தாவுக்கு விற்பது இன்டர்நெட் காலத்துப் புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். 1976-லேயே அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து டிகேட்டர் ஊரிலிருந்து ஜட்ஜஸ் கில்ட் என்ற சின்ன நிறுவனம் ஜென் கான் என்ற ஆட்டக்காரர் கூடுகைக்குப் போய், ஒரு கற்பனை நகரத்தின் பெரிய வரைபடத்தை விற்றதோடு அடுத்தடுத்த தவணைகளுக்குச் சந்தாவும் சேர்த்தது. அடுத்து என்ன அனுப்புவது என்ற கவலையும் அன்றைக்கே தொடங்கியிருக்கும்.

எல்லாரும் முதலில் கைவைப்பது வாக்கெடுப்பில்தான். நான்கு இடங்களின் பெயரைப் போட்டு, எது வேண்டும் என்று கேட்பது. செலவில்லை, ஐந்து நிமிட வேலை, ஆதரவாளருக்கும் ஒரே ஒரு தட்டு. ஆனால் இதில் ஒரு பழைய கோளாறு உண்டு. நூறு பேர் வாக்களிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பனிக்குகைக்கு 22, உறைந்த ஏரிக்கு 21, பனிக்கோட்டைக்கு 20, மதுச்சத்திரத்துக்கு 37. சத்திரம் ஜெயித்துவிட்டது. ஆனால் 63 பேர் பனிப்பிரதேசம் கேட்டிருக்கிறார்கள். ஒரே ஊரில் மூன்று வேட்பாளர் நின்று வாக்கைப் பிரித்துக்கொண்ட கதை. ஃபேன்டஸி ஆட்டங்களில் சத்திரம் எல்லாருக்கும் எப்போதாவது தேவைப்படும் என்பதால், அது நிற்கிற மாதமெல்லாம் இப்படியே ஜெயிக்கும். என் கணினியில் இருக்கும் சத்திர வரைபடங்களை அடுக்கினால் ஒரு நெடுஞ்சாலைக்கே போதும்.

இதற்கு மருந்து எளிது. பேட்ரியான் வாக்கெடுப்பில் ஒருவர் ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்கலாம் என்று வைக்க முடியும். "உங்கள் மேசைக்குப் பயன்படக்கூடிய எல்லாவற்றையும் தொடுங்கள்" என்று கேட்டால் பனிக்காரர்கள் மூன்றையும் தொடுவார்கள், வாக்கு பிரியாது. வரிசைப்படுத்தச் சொல்லலாமே என்று நண்பர் கேட்டார். 1770-இல் போர்டா, 1785-இல் கொந்தோர்சே என்ற இரண்டு கணித அறிஞர்கள் பிரான்சில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டது இந்த வரிசை முறை குறித்துத்தான். கணக்காக அது அழகு. ஆனால் மாதம் சில டாலர் கட்டுகிறவரிடம், பஸ்ஸில் நின்றபடி போனைப் பார்த்து எட்டுப் பெயரை வரிசைப்படுத்து என்று சொன்னால் அவர் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுவிடுவார். தொடுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பல தேர்வு முறையிலும் ஒரு குறை மிஞ்சுகிறது. யாருக்கும் வெறுப்பில்லாத, யாருக்கும் உயிர்போகும் ஆசையும் இல்லாத இடங்கள் மேலே வரும்: காட்டுப்பாதை, கிராமச் சந்தை, மறுபடியும் அந்தச் சத்திரம். கடலடிக் கோயிலை நெஞ்சாரக் கேட்கும் பன்னிரண்டு பேர் மாதாமாதம் தோற்றுக்கொண்டே இருப்பார்கள். இங்கேதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு வருகிறது: தோற்ற வரைபடத்தின் வாக்குகளை அழிக்காமல் அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோவது. ஜெயித்தது வெளியேறும், அதன் கணக்கு முடிந்தது. மற்றவை சேர்த்துவைத்த வாக்கோடு மறுபடி நிற்கும். மாதம் 12 வாக்கு மட்டும் வாங்கும் கடலடிக் கோயில் ஏழாவது மாதத்தில் 84-ஓடு வந்து நிற்கும். சத்திரக்காரர்களும் முறைக்க முடியாது. ஒரு தாளும் கூட்டலும் போதும்.

வாக்கெடுப்பை ஒரு வாரமாவது திறந்துவைக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். ஆதரவாளர்கள் நான்கு கண்டங்களில் இருக்கிறார்கள். இந்தியாவில் இரவு போட்டு மறுநாள் இரவு மூடினால், வார நாளில் கணினியைத் திறக்காதவர்கள் எல்லாரும் விட்டுப்போவார்கள்.

சரி, இதெல்லாம் வாக்கெடுப்பைச் செப்பனிடும் வேலை. அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று இருக்கிறது, கேம் மாஸ்டராக நான் பட்டது. ஒருமுறை கடலடிக் கோயிலுக்கு வாக்களித்தேன், என் ஆட்டக்காரர்கள் அப்போது கப்பலில் இருந்தார்கள். அந்த மாதம் அதிசயமாக ஜெயித்தது. வரைபடக்காரர் பென்சிலில் ஆரம்பித்து, வண்ணம் தீட்டி, பகல் இரவு வடிவங்கள் செய்து வெளியிட ஆறு வாரம் ஆனது. அதற்குள் என் ஆட்கள் கடலை விட்டு இறங்கி, பாலைவனத்தில் ஒட்டகம் திருடிக்கொண்டிருந்தார்கள். கேம் மாஸ்டரின் தேவை அடுத்த ஞாயிறோடு காலாவதியாகிவிடும். எந்த இடம் வேண்டும் என்ற கேள்விக்கு அவர் நேர்மையாகப் பதில் சொன்னாலும், அந்தப் பதில் வரைந்து முடிப்பதற்குள் ஊசிப்போய்விடும். ஆகவே எதை வரைவது என்று தீர்மானிக்க ஆதரவாளரை நம்புவதில் பெரிய லாபம் இல்லை. எப்படி வரைவது என்பதில் இருக்கிறது.

யோசனைப்பெட்டி வைப்பது இரண்டாவது வழி. யார் வேண்டுமானாலும் தோன்றியதை எழுதிப் போடலாம். வாக்கெடுப்பில் வராத வினோதங்கள் இதில் வரும்: தலைகீழாகத் தொங்கும் கோபுரம், இறந்த பூதத்தின் விலா எலும்புக்குள் ஒரு சந்தை. வரைபவருக்கு இது உரம். ஆனால் பெட்டியில் விழுந்த ஒவ்வொரு சீட்டையும் போட்டவர் வாக்குறுதியாக எண்ணிக்கொள்வார். அழுத பிள்ளைக்குப் பால் என்பதுபோல, நாலு முறை நினைவூட்டியவருடையது முதலில் வரையப்படும், ஒருமுறை எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தவர் காத்திருப்பார். இன்னொன்று, அச்சில் வந்த சாகசப் புத்தகத்தில் உள்ள இடத்தை அப்படியே வரையச் சொல்லிக் கேட்பார்கள். அது பதிப்புரிமைத் தலைவலி. பெட்டி வைத்தே தீருவதென்றால் உத்திரமேரூர்க் குடவோலை மாதிரி குலுக்கி எடுப்பதே மேல் என்றேன். நண்பர் சிரித்தார், ஆனால் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. குலுக்கலில் தோற்றவர் வரைபவர்மேல் கோபப்பட மாட்டார்.

இதோடு ஒட்டிய ஆசை ஒன்று உண்டு: அதிகச் சந்தா கட்டுபவர் கேட்டதை வரைந்துகொடுப்பது. வேண்டவே வேண்டாம். சந்தா என்ற பெயரில் மலிவு விலைக்குத் தனி ஆர்டர் எடுப்பதுதான் அது. கேட்டவர் தன் கதைக்குத் தகுந்தபடி கேட்பார். இளவரசியின் அறைக்குப் பின்னால் ரகசியக் கதவு, அதன் பின்னால் மூன்று முட்டைகள், அதிலும் நடு முட்டை உடைந்திருக்க வேண்டும். மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கும் அந்த வரைபடம் உதவாது, அவர்கள் காசில்தான் அது வரையப்பட்டிருக்கும். தனி ஆர்டர் எடுக்க ஆசையிருந்தால் அதற்குரிய விலையைப் போட்டுத் தனியாக எடுப்பது யோக்கியம்.

சர்வே விஷயத்துக்கு வருவோம். இந்தத் துறையில் பெரிய அளவில் சர்வே நடத்துபவர்கள், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை இப்போது வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தார். 2012-இல் தங்கள் ஆட்டத்தின் அடுத்த பதிப்புக்கு வெளிப்படையான சோதனை ஆட்டம் தொடங்கி, ஆடியவர்களிடம் சர்வே எடுத்து, 2014-இல் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டார்கள். 2023 ஜனவரியில், தங்கள் விதிகளை வைத்து மற்றவர்கள் புத்தகம் போட அனுமதிக்கும் உரிமத்தை மாற்றப் போய் ரகளையானபோதும் ஒரு சர்வே வைத்தார்கள். 15,000-க்கும் மேற்பட்ட பதில்கள். பழைய உரிமத்தை ரத்து செய்வதில் தங்களுக்குத் திருப்தி இல்லை என்று 89 சதவீதம் பேர் சொன்னார்கள். ஜனவரி 27-ஆம் தேதி நிறுவனம் பின்வாங்கியது. அடிப்படை விதித்தொகுப்பையே யாரும் பயன்படுத்தலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போட்டுவிட்டது. ஒன்றைத் தடுத்து நிறுத்த சர்வே எவ்வளவு வலுவானது என்பதற்கு இது சாட்சி. ஆனால் நூறு பேர் வைத்திருக்கும் வரைபடக்காரருக்கு யாரும் அப்படித் திரண்டு வந்து பதில் எழுதப்போவதில்லை. அன்றைக்கு வந்தவர்கள் கோபத்தில் வந்தவர்கள், அதில் பலருக்கு அது பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

சின்னவர்களின் சர்வேயில் வழக்கமாக இருக்கும் கேள்வி, "எங்கள் வரைபடங்களுக்கு ஐந்தில் எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?" நான் எப்போதும் நாலு போடுவேன். ஐந்து போட்டால் முகஸ்துதி, மூன்று போட்டால் பாவம் அந்த மனுஷன். இதை வைத்து அவரால் ஒரு கோடுகூட மாற்றி வரைய முடியாது.

ஆனால் சர்வேயில் விருப்பத்தைக் கேட்காமல் நடப்பைக் கேட்டால் கதையே வேறு. கடைசியாக எந்த வரைபடத்தை வைத்து ஆடினீர்கள்? அச்சிட்டீர்களா, திரையில் ஆட உதவும் ரோல்20-இல் போட்டீர்களா, அதே மாதிரியான பவுண்ட்ரியிலா, டிவியை மேசையில் படுக்கவைத்தா? எத்தனை பேர் ஆடினார்கள்? கட்டம் உள்ளதை எடுத்தீர்களா, இல்லாததையா? இப்படி ஐந்தாறு கேள்விகள், வருடத்துக்கு ஒருமுறை. இந்தப் பதில்கள் நேரே வேலைமேசைக்கு வரும். ரோல்20-இல் ஒரு கட்டத்துக்கு இயல்பான அளவு 70 பிக்சல், பவுண்ட்ரியில் 100. முப்பதுக்கு முப்பது கட்டமுள்ள வரைபடம் முன்னதில் நீளமும் அகலமும் 2,100 பிக்சல், பின்னதில் 3,000. அதையே நல்ல தரத்தில் அச்சிட அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் 9,000. ஆதரவாளர்களில் முக்கால்வாசிப் பேர் திரையில்தான் ஆடுகிறார்கள் என்று தெரிந்தால், ஒன்பதாயிரம் பிக்சல் கோப்பைச் செதுக்கிச் செதுக்கி ஏற்றுவதில் போகும் இரவுகளை வேறெதற்காவது செலவழிக்கலாம். பாதிப் பேர் பவுண்ட்ரி என்றால், டன்ஜன்டிராஃப்ட் போன்ற மென்பொருளில் வரைந்து சுவர், கதவு, விளக்கு விவரங்களோடு ஏற்றுமதி செய்துகொடுப்பது ஒரு புது வரைபடத்தைவிட அவர்களுக்கு உபகாரம். சுவர்களை நாமே ஒவ்வொன்றாக இழுத்து வரைந்த சனிக்கிழமை ராத்திரிகள் எனக்கு நினைவிருக்கின்றன.

அச்சிடுபவர்கள் கணிசமாக இருந்தால் அவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்பதும் தெரிய வேண்டும். அமெரிக்கர் தாள் லெட்டர் அளவு, 8.5 அங்குல அகலம். அதில் எட்டுக் கட்டம் நிற்கும். நம்முடைய ஏ4 கிட்டத்தட்ட 8.27 அங்குலம். ஓர விளிம்பு போக ஏழுதான் ஒழுங்காக நிற்கும், எட்டாவது வெட்டுப்படும். ஏ4-இல் பக்கத்துக்கு ஏழுக்குப் பத்து என்று வெட்டினால் முப்பதுக்கு முப்பது வரைபடத்துக்கு 15 தாள். ஒருமுறை நான் இப்படி ஒரு லெட்டர் அளவுக் கோப்பைக் கடையில் கொடுத்து அச்சிட்டேன். கடைப் பையன் நல்ல எண்ணத்தில் பக்கத்துக்குப் பொருந்தும்படி சுருக்கிவிட்டான். எல்லாத் தாளையும் ஒட்டி முடித்து, பூதத்தின் பொம்மையை வைத்துப் பார்த்தால், கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்தில் ஒரு கால் நிற்கிறது. அந்த வரைபடக்காரர் "எந்தத் தாளில் அச்சிடுகிறீர்கள்" என்று ஒரே ஒரு கேள்வியை ஒருமுறை கேட்டிருந்தால் ஏ4 கோப்பும் போட்டிருப்பார். அவர் எங்களிடம் கேட்டதெல்லாம் அடுத்து எரிமலையா சதுப்புநிலமா என்பதுதான். நான் சந்தாவை நிறுத்தியது அவரிடம்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

டிஸ்கார்டு பற்றி நண்பருக்கு ஆசை அதிகம். அங்கே கலகலப்பு உண்டு, பேச்சு உண்டு, மீம் உண்டு. நூறு பேரில் பத்துப் பேர்தான் பேசுவார்கள், அந்தப் பத்துப் பேரின் ரசனையே மெல்ல மெல்ல மொத்த ஊரின் ரசனையாகத் தெரிய ஆரம்பிக்கும். தினம் ஒரு மணி நேரம் போகும். மாதம் இரண்டு வரைபடம் போடுகிறவர் ஒன்றரை போட ஆரம்பிப்பார். ஆனால் ஒரே ஒரு காரியத்துக்கு அதை மிஞ்ச வேறு வழி இல்லை: பாதி வரைந்த பென்சில் படத்தைக் காட்டுவது. வண்ணம் தீட்டிய பிறகு கருத்துக் கேட்டால் எல்லாரும் "அருமை" என்பார்கள், குறை சொன்னாலும் மாற்ற முடியாது. பென்சில் நிலையில் காட்டினால், ஆட்டம் நடத்துபவர்கள் கண்ணில் சட்டென்று படும் விஷயங்கள் உண்டு.

உதாரணத்துக்கு, ஒற்றைக் கட்ட அகலத்தில் நடைபாதை. படத்தில் பார்க்க நெருக்கடியும் மர்மமுமாக அழகாக இருக்கும். ஆட்டத்தில் ஐந்து பேர் வரிசையில் நிற்க, முன்னால் இருப்பவர் மட்டும் வாள் வீச, பின்னால் நாலு பேர் போன் பார்ப்பார்கள். இரண்டு கட்ட அகலம் கொடுத்தால் சண்டை உயிர்பெறும். அதேபோல ஒரே வாசலில் நுழைந்து ஒவ்வொரு அறையாகப் போய் கடைசி அறையில் முடியும் குகை. சுற்றிவந்து பின்னாலிருந்து தாக்க வழியே இருக்காது. குகைகளுக்குள் வளையமாகப் பாதைகளும் பல வாசல்களும் வைத்து வரைந்ததற்காகவே ஜெனெல் ஜாக்வேஸ் பெயர் 1970-களிலிருந்து இன்றுவரை இந்த வட்டாரத்தில் பேசப்படுகிறது. ஆனால் எந்த வாக்கெடுப்பிலும் "இரண்டாவது வாசல் வேண்டும்" என்று ஒரு தேர்வு இருந்ததை நான் பார்த்ததில்லை. பென்சில் படத்தைப் பார்த்த கேம் மாஸ்டர் அதை அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது: திறந்த அரட்டைக்கூடம் வேண்டாம். மாதம் ஒருமுறை, பென்சில் படம் ஒன்றைச் சந்தாதாரர்கள் எல்லாருக்கும் அனுப்பி, "இதில் சண்டை போட்டால் எங்கே மாட்டிக்கொள்வீர்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். மூன்று நாள் அவகாசம். டிஸ்கார்டின் நல்ல பகுதி அவ்வளவில் கிடைத்துவிடும்.

பதிவிறக்கக் கணக்கைப் பார்ப்பது பற்றியும் கேட்டார். அதிகம் நம்ப வேண்டியதில்லை. பதிவிறக்குவது வேறு, ஆடுவது வேறு. என் ஹார்டு டிஸ்க்கில் திறந்தே பார்க்காத வரைபடங்கள் சில நூறு தூங்குகின்றன. சேர்த்துவைப்பது இந்தப் பொழுதுபோக்கின் தனி நோய். ஒன்றுக்கு மட்டும் அது பயன்படும்: கட்டமுள்ளது, கட்டமில்லாதது, இரவு வடிவம் என்று தனித்தனிக் கோப்பாக வைத்தால் எதை யாருமே தொடுவதில்லை என்று தெரியும்.

வெளியேறுபவர்கள் சொல்வதைக் கேட்பது இன்னொரு மூலை. பேட்ரியானில் விலகும்போது காரணம் கேட்கும் சின்னப் படிவம் இருக்கிறது, படைப்பாளி அதைப் பார்க்கலாம். இதைப் பார்த்து மனம் உடைந்துபோகிறவர்களே அதிகம். ஆனால் ஒரு ஆட்டக்குழு கலைவதற்கு ஆயிரம் காரணம் உண்டு. யாருக்காவது குழந்தை பிறந்திருக்கும், ஒருவர் ஊர் மாறியிருப்பார், ஞாயிறு மாலை கிரிக்கெட் வந்திருக்கும். என் சந்தாக்களில் பாதி நின்றது இப்படித்தான். படிவத்தில் "போன வருடம் ஒருமுறைகூட எதையும் பயன்படுத்தவில்லை" என்று யாராவது எழுதியிருந்தால் மட்டும் நின்று படிக்க வேண்டும்.

கேட்காமலே இருந்துவிடுவது என்ற வழியையும் விட்டுவிடக் கூடாது. எனக்கு இதில் மரியாதை உண்டு. டைசன் லோகோஸ் என்ற பெயரில் வரைபவரைப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில், சுவரைச் சுற்றி குறுக்குக் கோடுகளை நெருக்கி நிரப்பும் பாணி. அதைப் பார்த்ததும் யார் வரைந்தது என்று தெரிந்துவிடும். அவரை ஆதரிப்பவர்கள் அந்தக் கைக்காகத்தான் ஆதரிக்கிறார்கள். ஆனால் அவர் ஆதரவாளர்களை வாக்களிக்கச் சொல்லும் இடம் ஒன்று உண்டு: தனிப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று முன்பு வெளியிட்ட பழைய வரைபடங்களில் எவற்றை வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசமாகத் திறந்துவிடுவது என்பதில். ஏற்கெனவே வரைந்து முடித்தவை. எது ஜெயித்தாலும் அவர் பேனாவை ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்த வேண்டியதில்லை. வாக்களித்தவருக்கோ கையில் ஒன்று கிடைக்கிறது, அதை வைத்துச் சொந்தப் புத்தகம்கூடப் போடலாம். வாக்கெடுப்பு வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் எனக்குத் தெரியவில்லை.

கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்க வருகிறவர் "என்ன வேணும்?" என்று கேட்டுக்கொண்டே போனால் எல்லாரும் "போதும், எல்லாம் இருக்கு" என்பார்கள். சமையல்காரர் அதைக் கேட்பதில்லை. பந்தி எழுந்த பிறகு இலைகளில் எது மிச்சம் கிடக்கிறது என்று பார்த்துவிட்டு உள்ளே போய் உப்பைச் சரிசெய்வார். வரைபடத்துக்கு அந்த இலை, போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அதனால் எல்லாவற்றையும்விட மேலே நான் வைப்பது ஒரு சாதாரணக் கடிதம். மாதம் ஐந்து ஆதரவாளர்களைப் பட்டியலிலிருந்து வரிசையாக எடுத்து, தனித்தனியாக, "என் வரைபடம் எதையாவது வைத்து ஆடினீர்களா? ஆட்டம் எங்கே தடுக்கியது?" என்று இரண்டே வரி எழுதுவது. பேசாத தொண்ணூறு பேரிடமும் இந்தக் கடிதம் போய்ச் சேரும். நூறு பேருக்குக் கீழே இருக்கும் வரையில் இது முடியும். ஐநூறு ஆகிவிட்டால் எல்லாரையும் ஒரு சுற்று சுற்றிவரவே எட்டு வருடத்துக்கு மேலாகும், அப்போது வேறு ஏதாவது யோசிக்க வேண்டியதுதான்.

ஆக, அவர் நிலைமைக்கு நான் சொன்ன ஏற்பாடு இது. மாதத்தின் முதல் வரைபடம் அவர் இஷ்டம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவதற்கு நான்கு தேர்வுகள் கொண்ட பல தேர்வு வாக்கெடுப்பு, தோற்றவற்றின் வாக்கு அடுத்த மாதத்துக்கு. அந்த நான்கும் அவர் வரைய ஆசைப்படுபவையாக மட்டும் இருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் சேர்த்த ஒன்றுதான் ஜெயிக்கும் என்பதை நான் பந்தயம் கட்டிச் சொல்கிறேன். பென்சில் படத்தில் ஒரு கேள்வி. வருடத்துக்கு ஒருமுறை அந்த ஆறு கேள்விகள், ஜனவரியில் வைக்கலாம், விடுமுறையில் ஆடியது நினைவிருக்கும். மாதம் ஐந்து கடிதம். டிஸ்கார்டும், பணத்துக்குத் தக்க சலுகையும் வேண்டாம். யோசனைப்பெட்டி வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளட்டும், குலுக்கலோடு.

அவர் வாக்கெடுப்புப் பகுதியைத்தான் ஆர்வமாகக் குறித்துக்கொண்டார். கடிதம் எழுதக் கொஞ்சம் கூச்சம். பதில் வராவிட்டால் என்ன செய்வது என்றார். இரண்டு வாரம் கழித்து ஐந்து பேருக்கு எழுதியதாகச் செய்தி அனுப்பினார். இருவர் பதிலே போடவில்லை. ஒருவர் நன்றி மட்டும் சொன்னார். இன்னொருவர் தன் கதாபாத்திரத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தார். ஐந்தாமவர் எழுதியது: கோபுர வரைபடத்தில் படிக்கட்டு மேலே போகிறதா கீழே போகிறதா என்று ஆட்டக்காரர்கள் இருபது நிமிடம் வாதாடினார்கள், கடைசியில் ஒருவர் பொறுமையிழந்து ஜன்னல் வழியாகக் குதித்துவிட்டார்.

நண்பர் இப்போது பழைய கோப்புகளில் படிக்கட்டு வரும் பதினொன்றைத் திறந்துவைத்து அம்புக்குறி போட்டுக்கொண்டிருக்கிறார். இந்த மாத வாக்கெடுப்பை இன்னும் வைக்கவில்லை.